சின்செ சொன்ன சிறுநீரகம் எது?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு. மணி பத்தைத் தாண்டியிருந்தது. கிள்ளானிலிருந்து அண்ணி அழைத்தார். பேச்சைவிட அழுகைதான் அதிகம். "தம்பிக்குக் கிட்னி போயிடுச்சாம்மா. முப்பத்தொரு வயசுதானே ஆகுது அவனுக்கு!"

எனக்குக் கை கால் ஓடவில்லை. போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி விசாரித்தேன். கதை மெல்ல மெல்ல வெளிவந்தது.

அண்ணன் மகனுக்குக் கணினித் துறையில் வேலை. நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில். சில மாதங்களாக இடுப்பு வலி, அசதி, சரியான தூக்கமில்லை, சீப்பில் முடி கொத்தாக வருகிறது. உடன் வேலை பார்க்கும் சீன நண்பர் தமக்குத் தெரிந்த சின்செயிடம் அழைத்துப் போயிருக்கிறார். சின்செ இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு மலாயில் சொன்னார்: "புவா பிங்காங் லெமா."

புவா பிங்காங் என்றால் சிறுநீரகம். லெமா என்றால் பலவீனம். இவன் அதை 'கிட்னி வீக்' என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டயாலிசிஸ் செய்தால் எத்தனை வருடம் வாழலாம் என்று இணையத்தில் தேடத் தொடங்கிவிட்டான். சீனத்திலிருந்து மலாய், மலாயிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். என் காதுக்கு வரும்போது அந்தச் சொல் 'கிட்னி போயிடுச்சு' ஆகிவிட்டது.

திங்கட்கிழமை கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இடுப்பு வலிக்குக் காரணம் உட்கார்ந்தே இருப்பதும் தசை இறுக்கமும்தான் என்றார் டாக்டர். வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்போ சின்செ பொய் சொன்னாரா அத்தை?"

இல்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அவர் வேறொரு சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்னார். இந்த வாரம் அதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன். நம்மில் பலர் சீன மருந்துக் கடைக்குப் போகிறோம். காய்ச்சலுக்குச் செவ்வந்தித் தேநீர், சுளுக்குக்குத் தைலம், முட்டி வலிக்கு ஊசி. பழைய ஈயப் பட்டணமான கோப்பெங்கில் 1879-இல் தொடங்கிய இயூ யான் சாங் கடையின் கிளைகள் இன்று பேரங்காடி தவறாமல் இருக்கின்றன. அங்கே பேசப்படும் மொழி மட்டும் நமக்குப் பாதிதான் புரிகிறது. அந்த மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு பெயர், இரண்டு பொருள்

மருத்துவமனையில் 'சிறுநீரகம்' என்றால் கையால் தொடக்கூடிய ஒரு பொருள். முதுகெலும்பின் இரு பக்கமும் கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரைக்கொட்டை வடிவில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு இருக்கின்றன. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற்றுகின்றன. ஸ்கேனில் தெரியும். வெட்டி எடுக்கலாம். ஒருவருடையதை இன்னொருவருக்குப் பொருத்தலாம்.

சீன மருத்துவத்தில் அதே பெயர் 'ஷென்'. ஆனால் அது ஒரு வேலைத் தொகுப்பின் பெயர். பிறவியிலேயே பெற்றோரிடமிருந்து வரும் உயிர்ச்சத்தைச் சேமித்து வைப்பது, வளர்ச்சி, பிள்ளைப்பேறு, எலும்பு, மஜ்ஜை, மூளை, காது, தலைமுடி, இடுப்பு, முழங்கால், முதுமை, அச்சம் எல்லாம் அதன் பொறுப்பு. நீரைக் கட்டுப்படுத்துவதும் அதன் வேலைகளில் ஒன்று.

இப்போது தம்பியின் புகார்களைத் திரும்பப் பாருங்கள். இடுப்பு வலி, அசதி, முடி உதிர்வு. மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சின்செயின் கணக்குப்படி 'ஷென் பலவீனம்' என்பது இந்தக் குறிகளின் கூட்டுக்கு வைத்த பெயர். கிரியேட்டினின் ஏறிவிட்டது என்று அவர் சொல்லவே இல்லை. அவரிடம் அந்தக் கருவியும் இல்லை.

மற்ற உறுப்புகளுக்கும் இதே கதைதான்.

கல்லீரல், சீனத்தில் 'கான்'. உடம்பில் 'சி' எனப்படும் உயிர்விசை தடையில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலை. கோபம், கண், தசைநார், மாதவிலக்கு எல்லாம் இதன் கீழ். 'கல்லீரலில் தீ' என்று சின்செ சொன்னால், எரிச்சல், சிவந்த கண், தலைவலி, தூக்கமின்மை என்று பொருள். ஹெப்படைட்டிஸ் என்று பொருள் இல்லை.

இதயம், 'சின்'. ரத்தத்தை ஓட்டுவதோடு மனமும் அறிவும் குடியிருக்கும் இடமும் இதுவே. தூக்கம் கெட்டால், மறதி வந்தால், படபடப்பு வந்தால் இங்கே தேடுவார்கள்.

நுரையீரல், 'ஃபெய்'. மூச்சு இதன் வேலை என்பதில் இரு மருத்துவமும் ஒத்துப்போகின்றன. ஆனால் தோலும் துக்கமும்கூடச் சீனத்தில் இதற்கு உரியவை.

மண்ணீரல், 'பி'. இரு மருத்துவமும் மிக அதிகமாகப் பிரிந்து நிற்பது இங்கேதான். சீன முறையில் இது செரிமானத்தின் தலைமைச் சமையல்காரர். உண்டதைச் சத்தாக மாற்றி உடம்பெங்கும் அனுப்புவது இது. வயிறு உப்பினால், மலம் இளகினால், கை கால் சோர்ந்தால், ஓயாமல் கவலைப்பட்டால் 'மண்ணீரல் பலவீனம்'. உடற்கூற்றியலில் மண்ணீரலுக்கும் செரிமானத்துக்கும் தொடர்பில்லை. அது பழைய சிவப்பணுக்களைக் களைந்து, கிருமிகளை எதிர்க்கும் உறுப்பு. மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அறுவையில் அதை எடுத்துவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். தொற்று வராமல் தடுப்பூசி போட்டுக்கொண்டு கவனமாக இருக்க வேண்டும். ஆனால் சாப்பாடு வழக்கம்போல் செரிக்கிறது. அவர்களே வயிற்று உப்புசத்தோடு சின்செயிடம் போனால், 'மண்ணீரல் பலவீனம்' என்றுதான் அவர் சொல்வார். இல்லாத உறுப்பு எப்படிப் பலவீனமாகும்? அவர் அந்த உறுப்பைச் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இந்த ஐந்துக்கும் சீனத்தில் 'ஸாங்' என்று பெயர். சேமித்து வைப்பவை என்பது அதன் உட்பொருள். பித்தப்பை, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், சிறுநீர்ப்பை ஆகியவை 'ஃபூ'. வாங்கி, கடத்தி, வெளியேற்றுபவை. ஃபூவில் ஆறாவதாக ஒன்று உண்டு. 'சான்ஜியாவ்', அதாவது மூன்று அடுப்பு. மார்பு, மேல்வயிறு, அடிவயிறு ஆகிய மூன்று பகுதிகளிலும் நீரும் உயிர்விசையும் போய்வரும் வழி அது. எந்த உடலை அறுத்தாலும் மூன்று அடுப்பு என்று ஓர் உறுப்பு கிடைக்காது. அதற்குப் பெயர்தான் உண்டு, உருவம் இல்லை என்று பழைய சீன நூல்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

அறுத்துப் பார்க்கத் தெரியாதவர்களா?

அந்தக் காலத்துச் சீனர்கள் உடலை அறுத்ததே இல்லை, அதனால் கற்பனை செய்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' சீன மருத்துவத்தின் மூலநூல். உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் அளவுகள் அதில் இருக்கின்றன. கி.பி. 16-ஆம் ஆண்டில் வாங் மாங் என்ற அரசர், பிடிபட்ட எதிரி ஒருவரின் உடலை அரண்மனை மருத்துவரையும் கைதேர்ந்த கசாப்புக்காரரையும் கொண்டு அறுக்கச் செய்தார். உள்ளுறுப்புகளை அளந்தார்கள். மூங்கில் குச்சியை விட்டு ரத்தக் குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்தார்கள். ஹான் அரச வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

ஆகவே உறுப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால் நோயாளி உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரை அறுக்க முடியாது. நாடி, நாக்கு, முகநிறம், பசி, தூக்கம், மலம் இவைதான் கையில் இருக்கும் தடயங்கள். எந்தெந்தக் குறிகள் சேர்ந்து வருகின்றன என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். சேர்ந்து வந்தவற்றை ஒரு மூட்டையாகக் கட்டினார்கள். மூட்டைக்கு அடையாளம் வேண்டுமே? உள்ளே இருப்பதாகத் தெரிந்த உறுப்புகளின் பெயரையே ஒட்டினார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து தத்துவங்களோடும் அவற்றை இணைத்தார்கள். காலப்போக்கில் மூட்டை பெருத்துக்கொண்டே போனது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

உள்ளுக்குள்ளேயே இதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. 1797-இல் லுவான்ஜோ பகுதியில் கொள்ளைநோய் வந்து குழந்தைகள் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். ஆழமாகப் புதைக்கப்படாத உடல்களை நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. வாங் சிங்ரென் என்ற மருத்துவர் பல நாள் காலையில் அந்த இடுகாட்டுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உள்ளுறுப்புகளைப் பார்த்துக் குறித்தார். பழைய படங்களோடு அவை பொருந்தவில்லை. 1830-இல் மருத்துவத்தின் பிழைகளைத் திருத்தும் நூல் ஒன்றை வெளியிட்டார். நினைவு இருப்பது இதயத்தில் இல்லை, மூளையில்தான் என்று எழுதினார். அவரும் தவறினார். பிணத்தில் தமனிகள் காலியாக இருந்ததால், அவற்றில் ஓடுவது காற்று என்று நினைத்துவிட்டார். இருந்தாலும் கண்ணால் கண்டதை எழுதும் துணிவு அவருக்கு இருந்தது.

குழப்பம் புகுந்த வாசல்

பெயர்க் குழப்பம் பெரிதானது மொழிபெயர்ப்பில்தான்.

1771-இல் இன்றைய தோக்கியோவான எடோவில், மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணின் உடலை அறுப்பதைப் பார்க்க சுகித்தா கென்பாக்கு, மாயெனோ ரியோத்தாக்கு உள்ளிட்ட மருத்துவர்கள் போனார்கள். கையில் ஒரு டச்சு உடற்கூற்று நூல். எதிரே கிடந்த உறுப்புகள் அந்தப் படங்களோடு அச்சாகப் பொருந்தின. சீன நூல்களில் படித்ததோடு பொருந்தவில்லை. அசந்துபோனவர்கள் அந்த நூலை மொழிபெயர்க்க முடிவு செய்தார்கள். 1774-இல் 'கைத்தாய் ஷின்ஷோ' வெளிவந்தது.

டச்சு மொழியில் இருந்த உறுப்புப் பெயர்களுக்கு என்ன எழுதுவது? ஏற்கெனவே இருந்த சீன எழுத்துகளையே எடுத்துப் போட்டார்கள். சிறுநீரகத்துக்கு ஷென் எழுத்து. மண்ணீரலுக்குப் பி எழுத்து. 1851-இல் கேன்டன் நகரில் ஆங்கிலேயப் பாதிரி மருத்துவர் பெஞ்சமின் ஹாப்சன் சீன மொழியிலேயே உடற்கூற்று நூல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த மருத்துவப் பாடங்களும் பழைய உறுப்புப் பெயர்களையே எடுத்துக்கொண்டன. அன்று முதல் ஒரே எழுத்து இரண்டு பொருளைச் சுமக்கிறது. இன்றும் சீன மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு வாசலிலும், சின்செயின் குறிப்புச் சீட்டிலும் அதே எழுத்துதான். குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. சீனக் குடும்பங்களுக்கும் உண்டு.

பழைய பட்டியலில் தனிப் பெயரே இல்லாத உறுப்பும் ஒன்று இருந்தது. கணையம். 1805-இல் ஜப்பானிய அறிஞர் உதகாவா கென்ஷின் அதற்குப் புதிதாக ஓர் எழுத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. ஐந்து ஸாங்கிலும் ஆறு ஃபூவிலும் கணையத்துக்கு இடமில்லை. இனிப்பு நீர் நோயைச் சீன மருத்துவம் நன்றாகவே கவனித்திருந்தது. 'தேய்க்கும் தாகம்' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்திருந்தது. ஆனால் அதற்குக் காரணமான இன்சுலின் சுரக்கும் உறுப்பு பட்டியலில் இல்லை. இந்த நாட்டில் இனிப்பு நீர் இல்லாத நம்மவர் வீடு எத்தனை இருக்கிறது? விரல் விட்டு எண்ணுங்கள். அதனால்தான் இது நமக்கு வெறும் வரலாற்றுச் சேதி இல்லை.

நம் வீட்டிலும் இதுதான்

இதைக் கேட்டுவிட்டு, 'சீனர்கள் இப்படியா குழப்புவார்கள்' என்று நினைக்க வேண்டாம். நாமும் அப்படித்தான்.

மலாயில் 'ஹாத்தி' என்றால் கல்லீரல். ஆனால் 'சாக்கிட் ஹாத்தி' என்று தோழி சொன்னால், அவளைக் கல்லீரல் நிபுணரிடம் அழைத்துப் போவீர்களா? மனம் நொந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு தேநீர் வாங்கித் தருவீர்கள். 'ஹாத்தி-ஹாத்தி' என்றால் ஜாக்கிரதை. மாட்டு ஈரல் வாங்கும்போதும் அதே ஹாத்திதான்.

தமிழில் பயந்தால் 'ஈரக்குலை நடுங்குகிறது'. பொறாமை வந்தால் 'வயிறு எரிகிறது'. யாரும் அதற்கு வயிற்றுப்புண் மாத்திரை போடுவதில்லை. நம் சித்த மருத்துவத்தில் 'பித்தம் கூடிவிட்டது' என்று வைத்தியர் சொன்னால், பித்தப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து அவரை மடக்க முடியாது. வாதம், பித்தம், கபம் மூன்றும் உடலின் இயக்கங்களுக்கு வைத்த பெயர்கள். நம் மொழியில் இந்த வேறுபாடு நமக்குத் தானாகப் புரிகிறது. அடுத்தவர் மொழியில் புரிவதில்லை.

ஆங்கிலத்தில் சீன மருத்துவ நூல் எழுதுவோர் பலர் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். சீன முறை உறுப்பென்றால் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஏது? அதனால் நாம் வாய் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டும். 'சீன முறைச் சிறுநீரகம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அன்றைக்கு தம்பி அந்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அண்ணி அழுதிருக்க மாட்டார்.

உலகச் சுகாதார நிறுவனமும் இதையேதான் செய்திருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் 11-ஆவது நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அங்கே வரும் சிறுநீரகக் குறைபாடு, கல்லீரல் தேக்கம் போன்ற ஒவ்வொரு பெயரின் பின்னாலும் 'டி.எம்.1' என்று ஓர் அடையாளம் போட்டிருக்கிறார்கள். மருத்துவமனைக் கணக்கோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பட்டியலில் இடம் பெற்றதாலேயே அந்தச் சிகிச்சை பலிக்கும் என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருத்தம் பார்க்கும் ஆசை

இன்னொரு பக்கமும் உண்டு. 'பார்த்தீர்களா, முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று உற்சாகமாக வரும் வாட்ஸ்அப் செய்திகள். சீன முறையில் ஷென் எலும்பையும் மஜ்ஜையையும் காக்கிறது. நவீன அறிவியலும், சிறுநீரகம் வைட்டமின் டியைச் செயல்பட வைத்து எலும்பைக் காக்கிறது, எரித்ரோபொயட்டின் சுரந்து மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கத் தூண்டுகிறது என்கிறது. ஆகா, பொருந்திவிட்டதே!

பொருந்துகிறதுதான். எனக்கும் முதலில் படித்தபோது சிலிர்த்தது. ஆனால் அதே ஷென்னுக்குத் தலைமுடியும் அச்சமும் பிள்ளைப்பேறும்கூட உண்டே? அவற்றுக்கு அட்ரினல் சுரப்பி, சினைப்பை, விரை, மூளை என்று வேறு வேறு உறுப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. பொருந்தியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பொருந்தாததை மறைத்தால், அது ஜாதகத்தில் பலித்ததை மட்டும் சொல்லும் கதை. இரண்டு வரைபடங்களும் ஒரே உடலைப் பற்றியவை. அதனால் சில இடங்களில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும். இரண்டும் ஒரே வரைபடம் என்று அதற்குப் பொருள் இல்லை.

பழைய கவனிப்பில் பயன் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மலேரியாவுக்கு இன்று உலகெங்கும் தரும் ஆர்ட்டெமிசினின் மருந்து, நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய கையேட்டின் குறிப்பிலிருந்து வழி பிடித்துக் கண்டெடுத்தது. அதற்காக து யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் கவனியுங்கள். அவர் குறிப்பைக் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. சோதித்தார். சத்தைப் பிரித்தெடுத்தார். தாமே முதலில் குடித்தும் பார்த்தார்.

பெயர் மாறினால் உயிர் போகும்

தம்பியின் கதை மூன்று நாள் பயத்தோடு முடிந்தது. என் தாய்மாமாவின் கதை அப்படி முடியவில்லை.

மாமாவுக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை. ஒரு கட்டத்தில் மாத்திரை கசந்துவிட்டது. கால் எரிச்சலுக்காக ஒரு சின்செயிடம் போனார். கசாயம் குடித்தார். தூக்கம் நன்றாக வந்தது, இடுப்பு வலி குறைந்தது. சின்செ நாடி பார்த்து, "புவா பிங்காங் சுடா பாகுஸ்," சிறுநீரகம் நன்றாகிவிட்டது என்றார். மாமா மகிழ்ந்துபோனார். "கிட்னி நல்லாத்தான் இருக்காம். அப்புறம் எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" என்று கிளினிக் சந்திப்புகளைத் தவறவிட்டார். இரண்டு வருடம்.

சின்செ சொன்னதும் அவர் கணக்கில் சரிதான். தூக்கம், இடுப்பு, அசதி எல்லாம் தேறியிருந்தன. ஆனால் மருத்துவமனைச் சிறுநீரகம் உள்ளே ஓசையில்லாமல் கெட்டுக்கொண்டிருந்தது. சிறுநீரக நோயின் கொடுமையே அதுதான். வெகுதூரம் முற்றும் வரை வலிக்காது, காட்டிக்கொடுக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது மீட்க முடியாத நிலை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மாமா டயாலிசிஸ் இயந்திரத்தோடு இருக்கிறார். தம்பி பயப்படத் தேவையில்லாத சொல்லுக்குப் பயந்தான். மாமா பயப்பட வேண்டிய நேரத்தில் அதே சொல்லைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்.

பெயர் மாறாட்டம் மருந்திலும் நடக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். 1993-இல் இது மருத்துவ இதழில் வெளியாகி உலகம் அதிர்ந்தது. 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் என்ன? மாத்திரையில் 'ஹான் ஃபாங் ஜி' என்ற மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் 'குவாங் ஃபாங் ஜி' கலந்துவிட்டது. இரண்டுமே பேச்சில் ஃபாங் ஜிதான். இரண்டாவதில் இருப்பது அரிஸ்டோலோக்கிக் அமிலம். சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு.

என்ன செய்யலாம்?

சின்செயிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பதிவு பெற்ற சீன மருத்துவர்கள் உடற்கூற்றியலும் படித்துத்தான் வருகிறார்கள். கேட்டால் விளக்குவார்கள். கேட்பது நம் பொறுப்பு.

முதலாவது, உறுப்பின் பெயர் காதில் விழுந்தவுடன் கேளுங்கள்: "சீன மருத்துவக் கணக்கில் சொல்கிறீர்களா, ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டிய நோயா?" நல்ல சின்செ இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சந்தேகம் இருந்தால் அவரே டாக்டரைப் பார்க்கச் சொல்வார்.

இரண்டாவது, நாடி சொன்ன நல்ல செய்தியை ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக வைக்காதீர்கள். இனிப்பு நீரோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறதா என்பதை ரத்தம்தான் சொல்லும், நாடி சொல்லாது.

மூன்றாவது, டாக்டர் தரும் மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குடிக்கும் கசாயத்தின் பெயரை அவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயமா? திட்டு வாங்குவது டயாலிசிஸைவிட எளிது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நான்காவது, மாத்திரையாகவோ பொடியாகவோ பெட்டியில் விற்கும் பாரம்பரிய மருந்தில், மலேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'மால்' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும். எண் இல்லாத டப்பாவை, யார் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, சில குறிகளுக்கு எந்த நாடியும் பார்க்க நேரமில்லை. நெஞ்சை அழுத்தும் வலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் உடனே அவசரப் பிரிவு. சிறுநீரில் ரத்தம், கண் மஞ்சளாதல், கால் வீக்கம், அடங்காத நுரையோடு சிறுநீர் என்றால் தள்ளிப்போடாமல் டாக்டர்.

தம்பி இப்போது நாற்காலியை விட்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறான். இரவு பதினொரு மணிக்குப் படுத்துவிடுகிறான். இடுப்பு வலி பெருமளவு போய்விட்டது. போன வாரம் அந்தச் சின்செயிடமே திரும்பப் போயிருக்கிறான், நண்பனுக்குத் துணையாக. இவன் நாடியையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்போது பரவாயில்லை" என்றாராம்.

"எந்தக் கிட்னி பரவாயில்லைன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன் அத்தை. சிரிச்சாரு. 'என் கிட்னி பரவாயில்ல, உன் கிட்னிய டாக்டர்கிட்ட கேளு'ன்னு சொன்னாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மாமாவைப் பார்க்கப் போனான். மாமாவின் மகள்கள் இருவரும் கூடத்தில் இருந்தார்கள். இருவருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கிறது?